செப்டம்பர் 30 அன்று பள்ளியில் இருந்த பிள்ளை

மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்களைத் தலை எண்ணிக் கணக்கிடுவதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் ஒரு 'கோய்தா'. ஒற்றை ஆளாக வந்தால் அரைக் கோய்தா. மராத்தியில் கோய்தா என்றால் வெட்டரிவாள். (நம் காதுக்குக் 'கொய்தல்' நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் உறவு உண்டா என்பதை மொழி ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம்.) முன்பணம் கோய்தாவுக்கு இத்தனை, கூலி வெட்டிய டன்னுக்கு இத்தனை. ஆலைக்காரர் கேட்பதும் இந்தப் பருவத்துக்கு எத்தனை கோய்தா கிடைக்கும் என்றுதான். அந்த ஜோடியோடு லாரியில் ஏறும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. கால் கோய்தாகூட இல்லை.

அதே பிள்ளைக்கு இன்னொரு கணக்கில் இடம் உண்டு. இந்தியப் பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கையை அரசின் தகவல் தொகுப்புக்குத் தருவது நெடுங்காலமாகச் செப்டம்பர் 30 நிலவரப்படிதான். மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாவதும் அந்த எண்ணிக்கையை வைத்தே. கரும்பு வெட்ட ஆட்கள் கிளம்பும் பீட் மாவட்டத்தில், செப்டம்பர் 30 அன்று ஒரு கிராமப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் வகுப்பு நிறைந்திருக்கும். தசரா முடிந்ததும் லாரிகளும் டிராக்டர்களும் ஊருக்குள் வரும். தீபாவளி கழிந்து பள்ளி திறக்கும்போது வகுப்பில் பாதி காலி. ஏட்டில் மட்டும் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் ஏன் படிக்க முடிவதில்லை என்று கேட்டால் வறுமை, பெற்றோரின் அறியாமை, குழந்தைத் தொழில் என்று பட்டியல் வாசிப்பது வழக்கம். வறுமை உண்மைதான். அறியாமை என்பதை நான் ஏற்கமாட்டேன். எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த இரண்டு ஏடுகள். ஒன்றில் பிள்ளை இருந்தும் எண்ணப்படுவதில்லை, மற்றதில் இல்லாமலே எண்ணப்படுகிறது.

வெயில் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும்

பீட் மாவட்டம் மராத்வாடாப் பகுதியில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவில். பாலாகாட் குன்றுகள், மானாவாரி நிலம், பருத்தி, சோயா, கம்பு, சோளம். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மலைக்குப் பக்கத்தில், ஆறும் அணையும் உள்ள கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, புனே பக்கமெல்லாம் கரும்பு. 1950இல் பிரவராநகரில் விட்டல்ராவ் விகே பாட்டீல் முன்னின்று தொடங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் பிறகு அந்தப் பக்கம் வரிசையாக ஆலைகள் எழுந்தன. ஆலை வைத்தவர்கள் நிலக்காரர்கள். வெட்ட ஆள் வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். 1972இன் கொடும் பஞ்சம் மராத்வாடாவை உலுக்கியபோது, ஆள் கிடைக்கும் இடம் எது என்பது அழுத்தமாக முடிவாகிவிட்டது. ஒரு பக்கத்து வறட்சியே இன்னொரு பக்கத்துக்குத் தொழிலாளர் வளமானது.

இன்று எத்தனை பேர் இப்படிப் போகிறார்கள் என்பதற்குத் துல்லியமான அரசுக் கணக்கு இல்லை. 10 லட்சத்துக்கு மேல் என்பது பலரும் சொல்லும் மதிப்பீடு. உடன் போகும் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 2 லட்சம் அளவில் இருக்கலாம் என்று தொண்டு நிறுவனங்கள் மதிப்பிட்டிருக்கின்றன. பீட் மட்டுமல்ல, அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்), ஜால்னா, பர்பணி, நாந்தேட், லாத்தூர், தாராசிவ் மாவட்டங்களிலிருந்தும் போகிறார்கள். சிலர் எல்லை தாண்டி வட கர்நாடகத்துக்கும் போவார்கள். வஞ்சாரி, பஞ்சாரா, தலித், தங்கர் சமூகத்தார் அதிகம், நிலமிழந்த மராத்தா குடும்பங்களும் உண்டு.

போவதற்கு முன்பே பணம் வந்துவிடும். 'உசல்' என்று பெயர், அதாவது முன்பணம். கொடுப்பவர் முகாதம், நம் ஊர் மேஸ்திரி மாதிரி. ஆலையிடமிருந்தோ வண்டிக்காரரிடமிருந்தோ பணம் வாங்கி, மழைக்காலத்திலேயே ஊர் ஊராகக் கோய்தாக்களைப் பிடித்துவிடுவார். ஒரு கோய்தாவுக்குச் சில பத்தாயிரம் முதல் ஒரு லட்சத்துக்கு மேல்வரை போகும். அந்தப் பணம் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பழைய கடனுக்கோ போய் முடிந்த பிறகுதான் வெட்டே தொடங்கும். வெட்டிய டன்னுக்கு டன் கழித்துக்கொண்டு வருவார்கள். பருவம் முடிந்தும் கழியாவிட்டால் பாக்கி அடுத்த வருடத்துக்குப் போகும். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம், அதற்கு 'காடா' என்று பெயர். காய்ச்சல் என்றாலும் காடாதான். மகளின் பள்ளியில் ஆண்டுவிழா என்று யாராவது விடுப்பு கேட்டுப் பார்க்கட்டும்!

ஏன் இத்தனை கெடுபிடி? கரும்பின் சுபாவம் அப்படி. வெட்டிய கரும்பை ஒருநாளைக்குள் ஆலையில் அரைத்துவிட வேண்டும். தாமதமானால் சாறு கெடும், சர்க்கரை குறையும். ஆலை இராப்பகலாக ஓடுவதால் வெட்டும் நிற்கக் கூடாது. வண்டி நள்ளிரவில் வந்தாலும் எழுந்து கட்டுகளை ஏற்ற வேண்டும். அதிகாலை நாலு மணிக்கே தோட்டத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இப்படி ஒரு பயிரின் கடிகாரத்துக்குள் பத்தரை மணிக்கு மணி அடிக்கும் பள்ளிக்கூடத்தை எங்கே வைப்பது?

இரண்டு நாட்காட்டிகள்

ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு, வயது பத்து. பெயர் வேண்டாம், இவள் பல பிள்ளைகளைச் சேர்த்து நான் வரைந்துகொள்ளும் உருவம்.

மகாராஷ்டிரத்தில் பள்ளி ஜூன் நடுவில் திறக்கும். புதுப் புத்தகம், சீருடை எல்லாம் கிடைக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை முதல் பருவம். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு இரண்டாம் பருவம், ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. கரும்பு ஆலைகளின் அரவைப் பருவம் அக்டோபர் கடைசி அல்லது நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை. வேண்டுமென்றே போட்டதுபோல, பள்ளியின் இரண்டாம் பருவத்தின்மேல் அரவைப் பருவம் அப்படியே படிந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் பருவத்தில் பின்னம் தொடங்கியிருப்பார்கள். அதைக் கூட்டவும் கழிக்கவும் சொல்லிக் கொடுக்கும்போது அவள் 300 கிலோமீட்டர் தள்ளிக் கோலாப்பூர்ப் பக்கம் தோகை பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

வருடம் நல்ல விளைச்சலாக இருந்தால் இன்னும் மோசம். 2021-22 பருவத்தில் மகாராஷ்டிரம் 137 லட்சம் டன் சர்க்கரை உற்பத்தி செய்து உத்தரப் பிரதேசத்தை முந்தியது. பத்திரிகைகள் கொண்டாடின. கரும்பு அவ்வளவு மிகுந்துபோனதால் சில இடங்களில் அரவை 2022 ஜூன் வரை நீண்டது. அடுத்த கல்வியாண்டின் முதல் மணிக்கும் சில பிள்ளைகள் தோட்டத்தில்தான் இருந்திருப்பார்கள் என்பதை அந்தச் சாதனைச் செய்தியில் யாரும் எழுதவில்லை.

ஒரு முரட்டுக் கணக்குப் போடலாம். ஒவ்வொரு வருடமும் பாதிப் பாடம் போய்விட்டால், எட்டு வருடத்தில் நாலு வருடம் போயிற்று. எட்டாம் வகுப்பு முடித்ததாகச் சான்றிதழ் சொல்லும் பிள்ளை பார்த்தது நாலு வருடப் பள்ளி. அதுவும் எல்லா வருடமும் முதல் பாதி. கதையின் தொடக்கம் மட்டும் எட்டு முறை கேட்ட மாதிரி. எட்டாம் வகுப்புவரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொன்னதால் (5, 8ஆம் வகுப்புகளுக்கு 2019இல் தளர்வு வந்தது), ஓட்டை ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரியும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வோ பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வெட்டு இன்னும் முடியாத நேரத்தில்.

தோட்டத்தில் அவள் என்ன செய்கிறாள்?

'வேலை' என்று கேட்டால் இல்லை என்பார்கள். அப்பா வெட்டுகிறார். அம்மா சோகை உரித்து, கட்டுக் கட்டி, தலையில் தூக்கிப் போய் டிராக்டரில் ஏற்றுகிறார். சிறுமி தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் போய்ப் பார்த்தால் தண்ணீர் கொண்டுவருவது, சோளரொட்டி தட்டுவது, பாத்திரம், துணி எல்லாம் இருக்கும். மாட்டுவண்டிக் குடும்பமாக இருந்தால் காளைகளுக்குத் தீனி. அப்புறம் கரும்பின் நுனித் தோகையைச் சேர்த்துக் கட்டுவது. மராத்தியில் 'வாடே' என்பார்கள், பச்சைத் தீவனம். ஊர்க்காரர்கள் மாட்டுக்கு வாங்கிப் போவார்கள். முன்பணத்தில் கூலி கழிந்துகொண்டே போவதால் கையில் காசு புழங்காத அந்த ஆறு மாதத்தில், வாரச் சந்தையில் உப்பும் மிளகாயும் எண்ணெயும் வாங்குவது இந்தத் தோகைக் காசில்தான். குடும்பத்தின் அன்றாடச் செலவைக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பது பிள்ளைகளின் கைகள். கோய்தாக் கணக்கிலோ அந்தப் பிள்ளைக்குப் பூஜ்யம்.

சட்டமும் இந்தப் பூஜ்யத்துக்கு உதவுகிறது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல விஷயம். கூடவே ஒரு விலக்கும் வந்தது: பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம். கரும்பு வெட்டு குடும்பத் தொழில் அல்ல, ஆலைக்காகச் செய்யும் கூலி வேலை. ஆனால் அங்கே போய்ப் பார்க்கிற அதிகாரி கண்ணுக்குத் தெரிவது அம்மாவுக்கு உதவும் ஒரு பெண்பிள்ளை. பள்ளி நேரம் போக என்கிறது சட்டம், பள்ளியே இல்லாத இடத்தில் அந்த நேரம் எது?

இருப்பிடம் தோட்டத்து ஓரத்தில் கரும்புச் சோகையும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய கூம்புக் குடிசை. விளக்கில்லை, கழிப்பறையில்லை. புத்தகப் பை கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. மழைக்கோ எலிக்கோ தப்பித்த புத்தகம் ஊர் திரும்பும்.

உரிமை காகிதத்தில் நடந்து வருகிறது

2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இந்தப் பிள்ளையை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி. இடம் மாறினால் அங்குள்ள அரசுப் பள்ளியில் சேரலாம். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று காரணம் காட்டித் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். மகாராஷ்டிரம் இதற்கு மேலும் போய், ஊர்விட்டுப் போகும் பிள்ளைக்குக் 'கல்வி உத்தரவாத அட்டை' ஒன்றையும் கொண்டுவந்தது. என்னென்ன படித்திருக்கிறது என்று அதில் எழுதிக் கொடுத்தால், போன ஊர்ப் பள்ளி அதை வைத்துச் சேர்த்துக்கொள்ளும். ஏற்பாடு அதுதான்.

நடப்பது என்ன? நவம்பர் கடைசியில் ஒரு மாவட்ட ஊராட்சிப் பள்ளிக்கு இருபது பிள்ளைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயது முதல் பதின்மூன்று வரை. கூடுதல் ஆசிரியர் இல்லை, ஏனென்றால் ஆசிரியர் எண்ணிக்கை செப்டம்பரிலேயே முடிவாகிவிட்டது. பாடம் பாதி தாண்டியாயிற்று. இருக்கிற ஆசிரியர் இவர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்து ஏதாவது எழுதச் சொல்லுவார். நல்ல மனசுக்காரராக இருந்தால் மாலையில் தனியாக எடுப்பார், அப்படிப்பட்டவர்களும் உண்டு. மூன்று வாரத்தில் அந்தத் தோட்டத்து வெட்டு முடியும், கூட்டம் அடுத்த ஊருக்குப் பெயரும். அங்கே இன்னொரு பள்ளி, இன்னொரு பின்வரிசை. கர்நாடக எல்லைக்குள் போய்விட்டால் கரும்பலகையில் இருக்கும் எழுத்தே வேறு.

சொந்த ஊர்ப் பள்ளியும் பெயரை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. பெயர் போனால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும், சிறிய பள்ளி என்றால் மூடவே பேச்சு எழும். ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரலில் அதே பிள்ளைகள் திரும்பி வரும்போது ஊரில் பள்ளி இருக்க வேண்டுமே என்ற நியாயமும் அதில் இருக்கிறது.

மாட்டுவண்டி போனதும் பள்ளியும் போயிற்று

பிள்ளை பள்ளிக்குப் போக முடியாவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகலாமே என்று யோசித்தவர்களும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் அவுரங்காபாதைச் சேர்ந்த ஜனார்த் என்ற தொண்டு நிறுவனம் ஆலைகளின் அருகில் 'சாக்கர் ஷாளா' நடத்தியது. சர்க்கரைப் பள்ளி என்று பொருள். அரவை நடக்கும் ஆறு மாதமும் முகாமிலேயே வகுப்பு. ஆசிரியர்களும் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள்.

இது எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை என்பது படிக்க வேண்டிய பாடம். கரும்பு வெட்டுகிறவர்களில் இரண்டு வகை. சொந்தமாகவோ ஆலையிடம் கடனுக்கோ மாட்டுவண்டி வைத்திருப்பவர்கள் ஆலைக்குச் சுற்றுவட்டாரத்தில் வெட்டுவார்கள். மாடு ஒரு நாளில் போய்வரும் தூரம்தான் எல்லை. அதனால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆலைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் பருவம் முழுக்கத் தங்கும். அங்கே பள்ளி வைக்கலாம், வைத்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். லாரி, டிராக்டர் கூட்டங்கள் வேறு மாதிரி. பத்துப் பதினைந்து கோய்தா சேர்ந்து ஒரு 'டோளி'. வண்டி எவ்வளவு தூரமும் போகும் என்பதால் அவர்கள் ஆலையிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளிக்கூட வெட்டுவார்கள், ஒரு தோட்டம் முடிந்தால் அடுத்தது. ஒரு டோளியில் பத்துப் பிள்ளை. அந்தப் பத்துப் பேருக்காக எந்தப் பள்ளி ஊர் ஊராகப் பின்னால் போகும்? மாட்டுவண்டிகள் குறைந்து டிராக்டர் பெருகப் பெருக, பிள்ளைகள் ஒரு இடத்தில் சேர்ந்திருப்பதும் குறைந்தது. போக்குவரத்து முன்னேறியதால் கல்வி பின்வாங்கிய கதை இது.

சட்டமும் தன் பங்குக்குச் செய்தது. கல்வி உரிமைச் சட்டம் அங்கீகாரம் பெற்ற முழுப் பள்ளியையே பள்ளி என்று கொண்டது. கொட்டகைப் பள்ளி, மாற்றுப் பள்ளி எல்லாம் இரண்டாந்தரக் கல்வி, ஏழைப் பிள்ளைக்கும் முறையான பள்ளிதான் வேண்டும் என்ற வாதம் சரியானதே. ஆனால் கொட்டகையை எடுத்த இடத்தில் முறையான பள்ளி வந்து உட்காரவில்லை. சாக்கர் ஷாளாக்கள் தேய்ந்தன. பிறகு 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து மாற்றுக் கல்வி மையங்கள் அமைக்கப்படும் என்கிறது. பத்து வருடத்தில் கல்விக் கொள்கை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

மூன்றாவது வழி, பிள்ளையைப் போகவிடாமல் ஊரிலேயே நிறுத்துவது. பருவகால விடுதி என்ற திட்டத்தில், பெற்றோர் இல்லாத ஆறு மாதமும் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு உண்டு. பல இடங்களில் இது விடுதியே அல்ல. சாப்பாடு பள்ளியில் கிடைக்கும், தூங்குவது பாட்டி வீட்டில். பாட்டி இல்லாத, அல்லது பாட்டியே இன்னும் அரிவாள் தூக்கிப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இதனால் பயனில்லை. 2021இல் மாநில அரசு 41 வட்டங்களில் 82 விடுதிகளுக்கு ஒப்புதல் தந்தது. பீட் பக்கத்துத் துறவி சந்த் பகவான் பாபா பெயரில், ஒவ்வொன்றிலும் 100 பேர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. கரும்பு வெட்டுத் தொழிலாளர்களுக்காக கோபிநாத் முண்டே பெயரில் நல வாரியமும் உண்டு. முண்டே பீட் மாவட்டத்துக்காரர், இந்தத் தொழிலாளர்களின் தலைவராகவே அரசியலில் வளர்ந்தவர். 82 விடுதியும் நிறைந்தால் 8,200 பிள்ளைகள். மதிப்பீட்டின்படி போகும் பிள்ளைகள் 2 லட்சம். கழித்துப் பார்ப்பதை வாசகரிடம் விட்டுவிடுகிறேன்.

பீட் பக்கத்தில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். கரும்பு வெட்டுபவரின் மகன், சில வருடம் மகள், போட்டித் தேர்வில் வென்று அதிகாரியானார் என்று. அதைக் கடைசிவரை படித்தால் பல சமயம் ஒரு பாட்டியோ சித்தப்பாவோ விடுதியோ வரும். அந்தப் பிள்ளையின் அறிவையோ உழைப்பையோ குறைத்துச் சொல்லவில்லை. லாரியில் ஏறாமல் நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

பெண்பிள்ளைக்குக் கணக்கு வேறு

பையனைப் பாட்டியிடம் விட்டுப் போகத் துணியும் பெற்றோர், பதிமூன்று வயது மகளை விட்டுப் போக அஞ்சுவார்கள். கூட்டிப் போனாலும் பயம்தான். திறந்த தோட்டம், கதவில்லாத குடிசை, இரவில் வந்து போகும் வண்டிகள். இரண்டு பயத்துக்கும் சேர்த்து ஊர் கண்டுபிடித்த மருந்து கல்யாணம்.

இங்கேதான் கோய்தாக் கணக்கு மறுபடி வருகிறது. கல்யாணமாகாத பையன் அரைக் கோய்தா. கட்டிவைத்தால் முழுக் கோய்தா, முழு முன்பணம். பெண்ணுக்கும் அப்படியே. பெற்றோர் நிழலில் பூஜ்யமாக இருந்தவள், தாலி ஏறியதும் கணக்கில் பாதியாகிறாள். அந்தப் பிள்ளை கணக்குக்குள் முதன்முதலாக வருவது பள்ளியை விட்ட பிறகுதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பீட் மாவட்டத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். மாநிலச் சராசரி 22 சதவீதம் அளவில். வறட்சி மட்டும் காரணமென்றால் வறண்ட மாவட்டங்கள் எல்லாவற்றிலும் இதே எண் வர வேண்டும். சோடி சோடியாக ஆள் எடுக்கும் முறைக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

2019இல் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களிடையே கருப்பை அகற்றும் அறுவைகள் மிகுந்திருப்பது தேசியச் செய்தியானது. மாதவிலக்கும் பிரசவமும் காடாவில் முடியும் தொழிலில், மிக இளம் வயதில் பிள்ளைகள் பெற்று முடித்த பெண்களுக்கு அது நேர்ந்தது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் விட்டுப்போன சிறுமியின் கதை தொடர்ந்தால் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

வெளியில் ஒரு பார்வை

பயிரின் பின்னால் ஊர் ஊராகப் போகும் குடும்பம் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையோரக் குடும்பங்கள் டெக்சாசிலிருந்தும் கலிபோர்னியாவின் தெற்கிலிருந்தும் பழம், காய்கறி, பீட்ரூட் வகை அறுவடைக்காக வடக்கே போய்வந்தார்கள். அங்கே 1966இல் மத்திய அரசு இந்தப் பிள்ளைகளுக்கென்று தனிக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சாதாரணக் காரியம்: ஆர்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக் நகரில் ஒரு கணினி வைத்து, பிள்ளையின் படிப்பு, தடுப்பூசி விவரங்களைப் பதிந்து, எந்த மாநிலத்துப் பள்ளியில் சேர்ந்தாலும் அங்கே அனுப்பினார்கள். கணினி என்பது அறை நிறைய இருந்த காலத்தில். அந்த அமைப்பு 1990களில் மூடப்பட்டாலும், அடுத்து இணையம் வழியே புதிய ஒன்று வந்தது. கடந்த 36 மாதத்தில் இடம் மாறியிருந்தால் போதும், பிள்ளை அந்தத் திட்டத்துக்கு உரியது. ஊர் மாறுவதையே அடையாளமாக எடுத்துக்கொண்ட சட்டம் அது.

ரொம்பப் புகழவும் வேண்டாம். அதே அமெரிக்காவில் 1938இன் தொழிலாளர் சட்டப்படி, பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பள்ளி நேரம் போகப் பண்ணையில் கூலி வேலை செய்யலாம். வேறு தொழில்களில் அது முடியாது. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது.

அங்கிருந்து ஒரு பெயர் மட்டும் சொல்கிறேன்: ஹோசே எர்னாண்டஸ். மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு அறுவடை வேலைக்கு வந்துபோன குடும்பத்துப் பிள்ளை. ஒவ்வொரு அறுவடைக்கும் பள்ளி மாறியவர். இரண்டாம் வகுப்பு ஆசிரியை வீட்டுக்கே வந்து, இப்படி அலைந்தால் பிள்ளைகள் படிக்க முடியாது, ஓரிடத்தில் இருங்கள் என்று அப்பாவிடம் பேசினார். அப்பா கேட்டார், குடும்பம் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் தங்கியது. எர்னாண்டஸ் பொறியாளரானார். நாசா பதினோரு முறை மறுத்து 2004இல் எடுத்துக்கொண்டது. 2009 ஆகஸ்டில் டிஸ்கவரி விண்கலத்தில் விண்வெளிக்குப் போனார். இந்தக் கதையை விடாமுயற்சிக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்த அப்பாவால் தங்க முடிந்தது என்பது. அவர் கையில் உசல் இல்லை.

நம் பக்கமும் இது நடக்கிறது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள், குறிப்பாக இருளர்கள், முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டப் போவதும் செங்கல் சூளைக்குப் போவதும் தெரிந்த கதை. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் பொலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்காகச் சூளையோரத்திலேயே, ஒடிசாவிலிருந்து வரவழைத்த பாடநூல்களோடு, ஒடியாவிலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். அனுப்புகிற மாநிலமும் பெறுகிற மாநிலமும் பேசிக்கொண்டால் முடியும் காரியம் இது. பீடும் கோலாப்பூரும் ஒரே மாநிலம், ஒரே கல்வித் துறை, ஒரே பாடநூல். பேச வேண்டியது இரண்டு மாவட்ட அலுவலகங்கள்.

தேதியை மாற்றினாலும் சில விஷயம் மாறும். செப்டம்பரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை என்று பிள்ளைகளை எண்ணினால், பீட்டில் எத்தனை பேர் குறைகிறார்கள், கோலாப்பூரில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பது ஏட்டில் வந்துவிடும். வந்தால் ஆசிரியர் அனுப்ப வேண்டியிருக்கும், சத்துணவுக்கு அரிசி அனுப்ப வேண்டியிருக்கும், விடுதி எங்கே போதவில்லை என்று தெரிந்துவிடும். ஆலைகளும் தங்கள் டோளியில் எத்தனை பிள்ளைகள் என்று கோய்தாக் கணக்கோடு சேர்த்துத் தர வேண்டியிருக்கும். எந்தத் தோட்டத்தில் எந்த டோளி, எந்த வண்டி, எத்தனை டன் என்று அன்றன்று பதியும் ஆலைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

கூலியும் சும்மா உயர்ந்துவிடவில்லை. 2024 ஜனவரியில் மகாராஷ்டிர அரசியல் தலைவர் சரத் பவாரும், கோபிநாத் முண்டேயின் மகள் பங்கஜா முண்டேயும் நடுவர்களாக இருந்து வெட்டுக்கூலியை 34 சதவீதம் உயர்த்தினார்கள். வேலைநிறுத்தம் வரும் என்ற மிரட்டலுக்குப் பிறகு. டன்னுக்கு இத்தனை என்று அங்கே பேசினார்கள், அது தேவைதான். பிள்ளைகள் படிக்காமல் போனதற்காக எந்த டோளியும் அரிவாளைக் கீழே வைத்ததாக நான் படித்ததில்லை. உசல் வாங்கிய கையால் வைக்கவும் முடியாது.

ஆகஸ்டில், முகாதம் பணத்தோடு ஊருக்குள் வரும் நாட்களில், விடுதி பற்றிப் பேச ஆசிரியரும் வீடு வீடாகப் போவார். பெற்றோர் விடுதியை வேண்டாம் என்று எடுத்தவுடன் சொல்வதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள். காய்ச்சல் வந்தால் யாரிடம் போன் செய்வது என்று கேட்பார்கள். பெண்பிள்ளை என்றால் இன்னொரு கேள்வியும் வரும்: ராத்திரி கதவுப் பக்கம் யார் படுப்பார்கள்? அதற்கு ஆசிரியரிடம் பதில் இருந்தால் அந்தச் சிறுமி நவம்பரிலும் வகுப்பில் இருப்பாள்.